காம்போ டெக் ஆடுவது எப்படி? கடைசி டர்னிலிருந்து பின்னோக்கி ஒரு முழுமையான வழிகாட்டி

ஹார்த்ஸ்டோன் போன்ற டிஜிட்டல் கார்டு விளையாட்டுகளில் காம்போ டெக்கை, அதாவது சில கார்டுகளைச் சேர்த்துப் போட்டு எதிராளியை ஒரே அடியாக முடிக்கும் கார்டுக் கட்டை, புதிதாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் தோற்கிறார்கள். காம்போவில் பாதி கைக்கு வந்திருக்கும், மீதிக்குக் காத்திருக்கும்போதே எதிராளி அடித்து முடித்துவிடுவார். இல்லையென்றால் பயந்துபோய் காம்போவில் ஒரு கார்டை ஏதோ ஒரு மினியன் (எதிராளி களத்தில் இறக்கிய படைவீரர் கார்டு) மேல் போட்டுவிட்டு, கடைசியில் 2 டேமேஜ் குறைந்து நிற்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அந்தந்த டர்னில் எது நல்ல ஆட்டம் என்று மட்டும் பார்க்கிறார்கள். காம்போ டெக்கில் ஜெயிக்கப்போகும் டர்னை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் இன்றைய டர்னை ஆட வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பழக்கத்தைப் பற்றியதுதான்.

உதாரணத்துக்கு ஹார்த்ஸ்டோனின் ஃப்ரீஸ் மேஜ் டெக்கை, அதாவது மேஜ் என்ற மந்திரவாதி ஹீரோவை வைத்து எதிராளியை உறைய வைத்து ஆடும் டெக்கை, எடுத்துக்கொள்கிறேன். 2014இல் விளையாட்டு வெளியான காலத்திலிருந்தே இருந்த டெக் இது. கணக்கு சுத்தமாக இருக்கும் என்பதால், காம்போ கற்றுக்கொள்ள இதைவிட நல்ல டெக் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். இதன் முக்கிய கார்டுகளில் ஐஸ் லான்ஸ் 2017லும் ஐஸ் பிளாக் 2018லும் ஸ்டாண்டர்டிலிருந்து (புதிய கார்டுகள் மட்டும் செல்லும் ஆட்ட வகை) விலக்கப்பட்டன. அதனால் இதே டெக்கை ஆடிப் பார்க்க விரும்பினால் பழைய கார்டுகளும் செல்லும் வைல்டுக்குத்தான் போக வேண்டும். கார்டுகளின் எண்களை நிறுவனம் அவ்வப்போது மாற்றும் என்பதால், நான் இங்கே சொல்வது அந்த டெக் கோலோச்சிய காலத்து எண்கள். நீங்கள் ஆடும்போது உங்கள் கார்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

முதல் படி: கொல்லும் டர்னை எழுதிக்கொள்ளுங்கள்

டெக்கைக் கட்டும் முன்பே ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: காம்போவில் எந்தெந்த கார்டுகள், மொத்தம் எத்தனை மானா (கார்டு போட ஆகும் செலவு; கையிருப்பு டர்னுக்கு ஒன்றாக 10 வரை ஏறும்), மொத்தம் எத்தனை டேமேஜ்.

ஃப்ரீஸ் மேஜுக்கு அந்தத் தாள் இப்படி இருக்கும். ஃப்ராஸ்ட்போல்ட் 2 மானா, 3 டேமேஜ், அடிபட்டவர் உறைந்துவிடுவார். ஐஸ் லான்ஸ் 1 மானா. உறையாதவர் மேல் போட்டால் உறைய வைக்கும், ஏற்கெனவே உறைந்தவர் மேல் போட்டால் 4 டேமேஜ். ஃபயர்பால் 4 மானா, 6 டேமேஜ். ஆக, ஃப்ராஸ்ட்போல்ட், இரண்டு ஐஸ் லான்ஸ், ஒரு ஃபயர்பால் என்று போட்டால் 8 மானாவில் 17 டேமேஜ். எதிராளியின் ஹெல்த் 30. பாதிதான் வருகிறது.

மீதிப் பாதிக்குத்தான் அலெக்ஸ்ட்ராஸா. 9 மானா கொடுத்தால் ஒரு ஹீரோவின் ஹெல்த்தை நேராக 15 ஆக்கிவிடும். 9ஆம் டர்னில் அலெக்ஸ்ட்ராஸா, 10ஆம் டர்னில் 15 அல்லது அதற்கு மேல் டேமேஜ். இதுதான் திட்டம்.

இப்போது அதே தாளில் மாற்று வழிகளையும் எழுதுங்கள். இரண்டாவது லான்ஸ் வரவில்லை என்றால்? ஃப்ராஸ்ட்போல்ட், ஒரு லான்ஸ், ஒரு ஃபயர்பால்: 7 மானா, 13 டேமேஜ். 2 குறைகிறது. கூட ப்ளட்மேஜ் தால்னோஸ் இருந்தால்? அது 2 மானா மினியன், ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் (மந்திரக் கார்டு) 1 டேமேஜ் கூட்டும். 9 மானாவில் 4, 5, 7 என்று 16 வந்துவிடுகிறது. இரண்டு ஃபயர்பாலும் ஒரு ஃப்ராஸ்ட்போல்ட்டும் இருந்தால்? 10 மானா, சரியாக 15. இப்படி நான்கைந்து வழிகள் மனப்பாடமாக இருந்தால்தான், ஆட்டத்தின் நடுவில் கைக்கு வந்ததை வைத்து 'இது போதும்' என்றோ 'இன்னும் ஒன்று வேண்டும்' என்றோ சொல்ல முடியும். டர்ன் டைமர் 75 விநாடிதான். கணக்கை அப்போது போடத் தொடங்கினால் நேரம் பத்தாது.

எந்த காம்போ டெக்காக இருந்தாலும் இந்தத் தாள் அவசியம். பழைய ட்ரூயிட் டெக்கில் ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர் 6 மானா, சாவேஜ் ரோர் 3 மானா. வந்த உடனே அடிக்கக்கூடிய மூன்று 2/2 (2 அட்டாக், 2 ஹெல்த்) ட்ரெண்ட் மினியன்கள், எல்லோருக்கும் 2 அட்டாக் கூடுதல். மூன்று ட்ரெண்ட்கள் சேர்ந்து 12, ஹீரோ 2, மொத்தம் 14. காலியான போர்டிலிருந்து 9 மானாவில் 14 டேமேஜ். அதனாலேயே ட்ரூயிடுக்கு எதிரே ஆடியவர்கள் எல்லோரும் 9ஆம் டர்னில் ஹெல்த்தை 15க்குக் கீழே விடக்கூடாது என்று தவித்தார்கள். 2016இல் ட்ரெண்ட்களிடமிருந்து அந்த உடனடி அட்டாக்கை எடுத்த பிறகுதான் அந்தப் பயம் ஓய்ந்தது.

இரண்டாம் படி: 30 கார்டுகளையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு கார்டும் மூன்றில் ஒரு வேலையைச் செய்ய வேண்டும். கொல்லும், அல்லது கார்டு இழுக்கும், அல்லது நேரம் வாங்கும். இந்த மூன்றிலும் சேராத கார்டு எவ்வளவு நல்ல கார்டாக இருந்தாலும் வெளியே போகட்டும்.

கொல்பவை மேலே சொன்னவை. இழுப்பவை: இரண்டு கார்டு தரும் ஆர்கேன் இன்டலெக்ட், செத்தால் ஒரு கார்டு தரும் லூட் ஹோர்டர், அடிபடும் ஒவ்வொரு முறையும் ஒரு கார்டு தரும் ஆக்கோலைட் ஆஃப் பெயின். நேரம் வாங்குபவை: ஃப்ராஸ்ட் நோவா, டூம்சேயர், பிளிஸார்ட், ஐஸ் பேரியர், ஐஸ் பிளாக். தால்னோஸ் செத்தாலும் ஒரு கார்டு தரும் என்பதால் அது இரண்டு குவியலிலும் சேரும். இப்படி இரண்டு வேலை பார்க்கும் கார்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்க வேண்டும்.

புதிதாக டெக் கட்டுபவர்கள் கொல்லும் குவியலைத்தான் பெரிதாக்குவார்கள். உண்மையில் அதுதான் இருப்பதிலேயே சின்னதாக இருக்க வேண்டும். ஏன் என்று அடுத்த கணக்கில் தெரியும்.

மூன்றாம் படி: கார்டு வருமா என்று எண்ணிப் பாருங்கள்

முதலில் ஆடுபவருக்குத் தொடக்கத்தில் 3 கார்டு, பிறகு டர்னுக்கு ஒன்று. 10ஆம் டர்னில் மொத்தம் 13 கார்டு பார்த்திருப்பார். மல்லிகனில், அதாவது ஆட்டம் தொடங்கும் முன் வேண்டாத கார்டுகளைத் திருப்பி அனுப்பி மாற்றுவதைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், டெக்கில் ஒன்றே ஒன்றாக இருக்கும் அலெக்ஸ்ட்ராஸா அதற்குள் வந்திருக்க வாய்ப்பு 30க்கு 13, அதாவது சுமார் 43%. பாதிகூட இல்லை. இரண்டு பிரதி உள்ள கார்டில் ஒன்றாவது வந்திருக்க வாய்ப்பு சுமார் 69%. ஆனால் இரண்டு ஐஸ் லான்ஸும் வந்திருக்க வாய்ப்பு வெறும் 18%.

இப்போது வழியில் 6 கார்டு கூடுதலாக இழுத்தோம் என்று வையுங்கள். இரண்டு இன்டலெக்ட், இரண்டு லூட் ஹோர்டர் போட்டாலே 6 கார்டு. 19 கார்டு பார்த்தாயிற்று. அலெக்ஸ்ட்ராஸா 63%, இரண்டில் ஒன்று 87%, இரண்டு லான்ஸும் 39%. கொல்லும் குவியலில் இன்னொரு டேமேஜ் ஸ்பெல்லைச் சேர்ப்பதைவிட இழுக்கும் கார்டு ஒன்றைச் சேர்ப்பது ஏன் நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. இழுக்கும் கார்டு, தேவைப்படும்போது எந்தக் கார்டாகவும் மாறும்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. குறிப்பிட்ட நான்கு கார்டு ஒன்றாக வந்தே ஆக வேண்டும் என்று கேட்கும் காம்போவை லேடரில் (தரவரிசை ஆட்டங்களில்) நம்பி ஆடுவது கஷ்டம். இரண்டு கார்டு காம்போ, அல்லது ஒன்று வராவிட்டால் இன்னொன்று அந்த இடத்தை நிரப்பும் காம்போ, அதுதான் நிலையாக ஜெயிக்கும். ஃப்ரீஸ் மேஜ் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததே இதனால்தான்.

நான்காம் படி: மல்லிகன்

காம்போ கார்டுகளைத் தொடக்கக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அலெக்ஸ்ட்ராஸா முதல் கையில் வந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் 9ஆம் டர்ன் வரை அது கையில் சும்மா கிடக்கும், அந்த 8 டர்னையும் தொடக்கக் கையில் மிச்சமிருக்கும் இரண்டே கார்டையும் டர்னுக்கு ஒன்றாக வருவதையும் வைத்துச் சமாளிக்க வேண்டும். திருப்பி அனுப்புங்கள். எதிரே வேகமான டெக் என்று தோன்றினால் டூம்சேயர், ஃப்ராஸ்ட்போல்ட், லூட் ஹோர்டர். மெதுவான டெக் என்றால் இன்டலெக்ட், ஆக்கோலைட். எந்த டெக் என்று தெரியவில்லையா, வேகமானது என்றே வைத்துக்கொண்டு ஆடுங்கள். மெதுவான டெக்குக்கு எதிரே தவறான கை வந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும். வேகமான டெக் அந்த நேரத்தைத் தராது.

ஐந்தாம் படி: நேரம் வாங்கும் கலை

காம்போ ஆட்டக்காரருக்கு ஹெல்த் என்பது செலவழிக்கத்தான். 30இல் 29ஐச் செலவழித்தாலும் கொல்லும் டர்னில் உயிரோடு இருந்தால் போதும், 1 ஹெல்த்தில் ஜெயித்தாலும் வெற்றி வெற்றிதான். இந்த எண்ணம் ஊறிவிட்டால் நடு ஆட்டத்தில் வரும் பதற்றம் பாதி குறைந்துவிடும். 3 டேமேஜ் மினியன் ஒன்று டர்ன்தோறும் அடிக்கிறது என்பதற்காக ஒரு ஃபயர்பாலைக் கொடுக்காதீர்கள். அது இன்னும் மூன்று டர்ன் அடித்தால் 9. அந்த 9 உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் விட்டுவிடுங்கள்.

இந்த டெக்கின் ஆகச் சிறந்த நேரம் வாங்கும் ஜோடி ஃப்ராஸ்ட் நோவாவும் டூம்சேயரும். நோவா 3 மானா, எதிராளியின் மினியன்கள் எல்லாம் உறைந்துவிடும். டூம்சேயர் 2 மானா, 0/7. உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும்போது போர்டில் உள்ள எல்லா மினியனையும் அழித்துவிடும். உறைந்த மினியன்களால் டூம்சேயரை அடிக்க முடியாது. எதிராளி அதைக் கொல்ல வேண்டுமென்றால் ஸ்பெல்லாலோ ஆயுதத்தாலோ 7 டேமேஜ் கொடுக்க வேண்டும். முடியவில்லை என்றால் அவர் அந்த டர்னில் புதிதாக எதை இறக்கினாலும் அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் பெரும்பாலும் எதையும் இறக்காமல் டர்னை முடித்துவிடுவார். 5 மானாவில் போர்டும் காலி, எதிராளியின் ஒரு முழு டர்னும் காலி.

இந்த ஜோடியை எப்போது போடுவது என்பதும் பின்னோக்கி எண்ணிச் செய்ய வேண்டியதுதான். 9ஆம் டர்னில் அலெக்ஸ்ட்ராஸா இறங்கும்போது மானா முழுவதும் தீர்ந்துவிடும், தற்காப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்படியானால் அந்த டர்ன் தொடங்கும்போது எதிராளியின் போர்டு காலியாக இருக்க வேண்டும். நோவா, டூம்சேயர் ஜோடிக்கு மிகச் சிறந்த இடம் 8ஆம் டர்ன்.

ஐஸ் பிளாக் பற்றி ஒரு வார்த்தை. உங்களைக் கொல்லும் அடியைத் தடுத்து, அந்த டர்ன் முழுவதும் உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் காக்கும் சீக்ரெட் (எதிராளிக்குத் தெரியாமல் முன்கூட்டியே போட்டு வைக்கும் ஸ்பெல்) அது. ஒரே சமயத்தில் ஒன்றுதான் போட்டு வைக்க முடியும். முதலாவது உடைந்த பிறகு இரண்டாவதைப் போடலாம். இரண்டு பிளாக் கையில் இருந்தால் உங்களிடம் இரண்டு இலவச டர்ன் இருக்கிறது என்று தாளில் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு டர்னை மெதுவாக ஆடிப் பார்ப்போம்

8ஆம் டர்ன். உங்கள் ஹெல்த் 14, சீக்ரெட் எதுவும் இல்லை. எதிராளியின் ஹெல்த் 30, போர்டில் மூன்று மினியன், மொத்த அட்டாக் 10. உங்கள் கையில் ஃப்ராஸ்ட் நோவா, டூம்சேயர், அலெக்ஸ்ட்ராஸா, ஃப்ராஸ்ட்போல்ட், ஐஸ் லான்ஸ், ஃபயர்பால், ஆர்கேன் இன்டலெக்ட். டெக்கில் இன்னும் 16 கார்டு.

கடைசியிலிருந்து வருவோம். 10ஆம் டர்னில் 15 டேமேஜ் வேண்டும். கையில் உள்ளது 13. ஹீரோ பவர் (ஹீரோவுக்கே உரிய திறன்) 2 மானாவுக்கு 1 டேமேஜ், அதைச் சேர்த்தாலும் 14தான். ஒன்று குறைகிறது. சரி, எந்தக் கார்டு வந்தால் கணக்கு முடியும்? இரண்டாவது லான்ஸ் வந்தால் 17. தால்னோஸ் வந்தால் 16. இரண்டாவது ஃப்ராஸ்ட்போல்ட் வந்தால் 9 மானாவில் 16. இரண்டாவது ஃபயர்பால் வந்தால், லான்ஸை விட்டுவிட்டு சரியாக 15. ஆக டெக்கில் உள்ள 16 கார்டில் 4 கார்டு நம்மை ஜெயிக்க வைக்கும்.

9ஆம் டர்னில் ஒன்று, 10ஆம் டர்னில் ஒன்று என்று எப்படியும் இரண்டு கார்டு பார்ப்போம். அதில் அந்த நான்கில் ஒன்று வர வாய்ப்பு 45%. இந்த டர்னில் இன்டலெக்ட் போட்டால் நான்கு கார்டு பார்ப்போம், வாய்ப்பு சுமார் 73%. நோவா 3, டூம்சேயர் 2, இன்டலெக்ட் 3, மொத்தம் 8 மானா. கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

எதை முதலில் போடுவது? இன்டலெக்ட். அது எந்த வழியையும் அடைக்காது, போட்ட பிறகும் நோவாவுக்கும் டூம்சேயருக்கும் 5 மானா அப்படியே இருக்கிறது. எதிர்பாராமல் இன்னும் நல்ல கார்டு ஏதாவது வந்தால் மனதை மாற்றிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. கார்டு இழுப்பதை டர்னின் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும் என்பது கிட்டத்தட்ட எப்போதும் சரி.

இதே நிலையில் பதற்றப்படும் ஆட்டக்காரர் என்ன செய்வார் தெரியுமா? ஃபயர்பாலால் ஒரு மினியனையும் ஃப்ராஸ்ட்போல்டால் இன்னொன்றையும் அடித்துத் தள்ளி, மீதமுள்ள 2 மானாவில் டூம்சேயரைத் தனியாக வைப்பார். போர்டு பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 13 டேமேஜில் 9 போய்விட்டது, இனி 10ஆம் டர்னில் கொல்லும் பேச்சுக்கே இடமில்லை.

ஆறாம் படி: கொல்லும் டர்ன்

இங்கே வரிசைதான் எல்லாமே. தால்னோஸ் இருந்தால் அதை எல்லா ஸ்பெல்லுக்கும் முன்னால் இறக்குங்கள். அடுத்து ஃப்ராஸ்ட்போல்ட், அதன் பிறகே லான்ஸ். ஃப்ராஸ்ட்போல்ட் இல்லாவிட்டால் முதல் லான்ஸ் உறைய வைக்கும், இரண்டாவது 4 அடிக்கும். போன டர்னில் ஃப்ராஸ்ட்போல்டால் அடித்தோமே, இந்த டர்னில் லான்ஸ் போடலாம் என்று நினைக்காதீர்கள். எதிராளியின் டர்ன் முடியும்போது உறைவு விலகிவிடும். இவை இரண்டும் ஒரே டர்னில் போக வேண்டிய கார்டுகள்.

ஃபயர்பாலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் ஒரே டர்னில் மொத்தத்தையும் கொட்டுவதா, இரண்டு டர்னாகப் பிரிப்பதா என்ற கேள்வி அடிக்கடி வரும். உங்களிடம் ஐஸ் பிளாக் இருக்கிறது, எதிராளியால் ஹெல்த்தை ஏற்ற முடியாது என்றால் தாராளமாகப் பிரியுங்கள். செலவழிக்காத மானா அடுத்த டர்னுக்கு வராது. எதிரே பிரீஸ்ட் போல ஹெல்த் ஏற்றும் டெக் என்றால் ஒரு டேமேஜைக்கூட முன்கூட்டி விடாதீர்கள், கொடுத்ததை அப்படியே ஆற்றிவிடுவார்.

கொல்லும் டர்னைப் பெரிதாக்க நேரம் கிடைத்தால் எம்பரர் தாரிசன் அற்புதமான கார்டு. 6 மானா, டர்ன் முடிவில் உங்கள் கையில் உள்ள ஒவ்வொரு கார்டின் விலையிலும் 1 மானா குறைக்கும். ஃப்ராஸ்ட்போல்ட், இரண்டு லான்ஸ், இரண்டு ஃபயர்பால் சாதாரணமாக 12 மானா, ஒரே டர்னில் போடவே முடியாது. தாரிசன் ஒரு முறை குறைத்துவிட்டால் 7 மானா, 23 டேமேஜ். கூட தால்னோஸும் அப்போது கையில் இருந்திருந்தால் 8 மானாவில் 28. அலெக்ஸ்ட்ராஸா வராத ஆட்டங்களுக்கு இதுதான் மாற்று வழி.

ஏழாம் படி: எதிராளி குறுக்கே வரும் வழிகள்

ஆர்மர் (ஹீரோவின் ஹெல்த்துக்கு மேலே சேரும் கவசம்) முதல் தலைவலி. அலெக்ஸ்ட்ராஸா ஹெல்த்தைத்தான் 15 ஆக்கும், அதற்கு மேலே இருக்கும் ஆர்மரைத் தொடாது. ஹீரோ பவரால் டர்னுக்கு 2 ஆர்மர் சேர்க்கும் கண்ட்ரோல் வாரியருக்கு எதிரே ஃப்ரீஸ் மேஜ் திணறியதற்கு இதுவே காரணம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் தாளில் உள்ள 15ஐக் கோடு போட்டு நீக்கிவிட்டு, ஆர்மரையும் கூட்டிப் புதிய எண்ணை எழுதுங்கள். அந்த எண்ணை எட்டவே முடியாது என்றால், ஆர்மர் குறைவாக இருக்கும்போதே அடித்துப் பார்ப்பதுதான் வழி.

எதிராளி இறக்கும் டர்ட்டி ராட் என்ற மினியன் இரண்டாவது. அது உங்கள் கையிலிருந்து ஏதோ ஒரு மினியனைப் போர்டில் இழுத்துப்போடும். காம்போ மினியனை நம்பியிருந்தால், கையில் வேறு இரண்டு மூன்று சாதாரண மினியன்களையும் வைத்திருங்கள், இழுபடும் வாய்ப்பு பங்கு போடப்படும். எதிராளியின் இன்னொரு மினியனான லோதெப், அடுத்த டர்னில் உங்கள் ஸ்பெல் ஒவ்வொன்றையும் 5 மானா விலை ஏற்றிவிடும். லோதெப் வரக்கூடிய காலம் என்றால், கொல்லும் திட்டத்துக்கு ஒரு டர்ன் உபரியாக வைத்திருப்பது நல்லது.

எதிரே மேஜ், சீக்ரெட் ஒன்று போட்டு வைத்திருக்கிறார் என்றால் நீங்கள் போடும் ஸ்பெல்லை வீணாக்கும் கவுண்டர்ஸ்பெல்லை எதிர்பாருங்கள். ஃப்ராஸ்ட்போல்டை அது விழுங்கினால் லான்ஸ்கள் இரண்டும் பாதி வீண். முதலில் காயினையோ (இரண்டாவதாக ஆடுபவருக்குக் கிடைக்கும் ஸ்பெல்) வேண்டாத ஸ்பெல் ஒன்றையோ விட்டுச் சோதியுங்கள். அந்த சீக்ரெட் ஐஸ் பிளாக்காக இருந்தால் ஒரு கொல்லும் டர்ன் போதாது, இரண்டு வேண்டும். அதற்கேற்ப டேமேஜைப் பிரித்து வையுங்கள்.

குறுக்கே வருவது சில சமயம் உங்கள் கையேதான். கையில் 10 கார்டுக்கு மேல் நிற்காது, அதிகமாக வருவது எரிந்துபோகும். எதிராளி ஆக்கோலைடை இரண்டு மூன்று முறை அடித்து உங்கள் கையை நிரப்பினால் அலெக்ஸ்ட்ராஸாவே எரிந்துபோகலாம். கை 8 கார்டைத் தொட்டதும் எதையாவது ஆடிக் குறையுங்கள். டெக் தீர்ந்துவிட்டால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் 1, 2, 3 என்று டேமேஜ் ஏறிக்கொண்டே போகும். மெதுவான ஆட்டங்களில் அதையும் கணக்கில் சேருங்கள்.

பயிற்சி

ஒவ்வொரு டர்ன் தொடங்கும்போதும் வாய்விட்டு இரண்டு எண்களைச் சொல்லுங்கள். இப்போது கையில் எவ்வளவு டேமேஜ், எதிராளியை முடிக்க எவ்வளவு தேவை. முதல் சில ஆட்டங்களில் இது வேகத்தைக் குறைக்கும், டைமர் ஓடும் சத்தம் கேட்கும். அப்புறம் தானாக வந்துவிடும்.

டெக் டிராக்கர் இருந்தால் டெக்கில் மிச்சம் இருக்கும் கார்டுகளை அதுவே காட்டும். தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைப் பார்க்கும்போது கடைசி டர்னை விட்டுவிட்டு, முதல் டேமேஜ் கார்டை மினியன் மேல் போட்ட டர்னுக்குப் போங்கள். அதைப் போடாமல் இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்போமா, இருந்திருந்தால் அந்த டேமேஜ் கடைசியில் போதுமாக இருந்திருக்குமா என்று பாருங்கள். முதல் கேள்விக்கு இல்லை என்றால் போட்டது சரி. இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த டர்னைத்தான் குறித்து வைக்க வேண்டும்.

ஃப்ரீஸ் மேஜ் கைவந்த பிறகு வேறு வகை காம்போவுக்குப் போகலாம். 2017இல் வந்த பாலடினின் அதர் ஹீரோ கார்டில், நான்கு வெவ்வேறு குதிரை வீரர்களையும் போர்டில் சேர்த்துவிட்டால் எதிராளியின் ஹீரோ அப்படியே அழிந்துபோவார். ஹெல்த் 30 இருந்தாலும் ஆர்மர் 50 இருந்தாலும் பொருட்டில்லை. அங்கே தாளில் டேமேஜ் என்ற பத்தியே இருக்காது. அதற்குப் பதிலாக ஹீரோ பவரை எத்தனை முறை அழுத்த வேண்டும், அதுவரை எத்தனை வீரர்கள் உயிரோடு நிற்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்குங்கள்.